ஆச்சியை மேடைக்கு அழைத்து வருவது எப்படி: ஓராள் நாடகம் போட வருகிறவர்களுக்கு

தன்னை வளர்த்த பெண்ணைப் பற்றித் தனியாளாக நின்று நாடகம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். ஆச்சியைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு, ஆச்சி மேல் தங்களுக்கு இருக்கும் பாசத்தைக் காட்டுகிறார்கள். பார்க்க வந்தவருக்கு உங்கள் ஆச்சியைத் தெரியாது. "எனக்காகவே வாழ்ந்தவள்" என்று நீங்கள் தழுதழுக்கும்போது அவர் உங்கள் மேல் இரக்கப்படுவார், அவ்வளவுதான். ஆச்சி எப்படி உட்காருவார், எதற்குக் கோபப்படுவார், காசை எங்கே வைப்பார் என்பதெல்லாம் கண்முன் வந்தால்தான் அவருக்கும் ஆச்சி கிடைப்பார். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

வளர்த்தவரை இங்கே ஆச்சி என்றே சொல்லிப் போகிறோம். உங்களுக்கு அவர் அப்பத்தாவாக, அம்மாயியாக, பெரியம்மாவாக, அத்தையாக, கல்யாணமே செய்துகொள்ளாத அக்காவாக இருக்கலாம்.

எழுதும் முன் ஒரு மாதம்

பேனாவை எடுக்காதீர்கள். முதலில் ஆறு முதல் எட்டுப் பேரைப் பார்த்துப் பேச வேண்டும். சொந்தக்காரர்கள் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர், பால் ஊற்றியவர், கடன் கொடுத்த மளிகைக் கடைக்காரர், ஆச்சியோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட நாத்தனார் எல்லாரும் வேண்டும். சண்டை போட்டவர்கள்தான் மற்றவர்கள் பூசி மெழுகுவதைத் திறந்து சொல்வார்கள். அந்த நாத்தனாரைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

"ஆச்சி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்று பதில் வரும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. கை, கால், பொருள் சம்பந்தப்பட்ட கேள்வியாகக் கேளுங்கள். சோறு வடிக்கும்போது எங்கே நிற்பார்? வெற்றிலைக்குக் காம்பைக் கிள்ளுவாரா, கடிப்பாரா? யாரைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவார்? சாவு வீட்டுக்குப் போனால் எந்த இடத்தில் உட்காருவார்? இப்படிக் கேட்டால், சொல்பவர் தன்னை அறியாமல் எழுந்து நடித்தே காட்டுவார். அந்த உடல்மொழியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவுக்குக் கைபேசி போதும். ஃபேனை நிறுத்திவிடுங்கள்; பதிவு கெட்டுப்போவதற்கு முதல் காரணம் ஃபேன்தான். போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு இரண்டடிக்குள் வையுங்கள். வெறும் மேசை மேல் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடியாக விழும். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் உபசாரப் பேச்சாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் காபி முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது வரும். "பதிவு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, படியிறங்கும் வரை ஓடவிடுங்கள்.

எழுத்தில் இறக்கும்போது "வந்துச்சு"வை "வந்தது" ஆக்காதீர்கள். "அங்ஙன", "அந்தானைக்கு", "ஏனுங்" எதையும் திருத்த வேண்டாம். ஆச்சி அடிக்கடி சொன்னதாக இரண்டு பேருக்கு மேல் சொல்லும் வாசகங்களைத் தனித்தாளில் எழுதுங்கள். நாலைந்து தேறும். அவைதான் நாடகத்தின் முதுகெலும்பு.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய சங்கதிகளுக்கு அவர்களிடமே சம்மதம் கேளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரும் உறவும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆச்சியே இருக்கிறார் என்றால், பிரதியை முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான். "இதைச் சொல்லாதே" என்று அவர் ஒன்றைத் தள்ளினால் அது நாடகத்தில் வேண்டாம், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

சட்டகம்

முதல் நாடகத்துக்கு 50 முதல் 60 நிமிடம் சரியான அளவு. இடைவேளை விடாதீர்கள், ஒரே ஆள் கட்டிய உலகம் டீ குடித்துவிட்டு வந்தால் கலைந்துபோகும். செயலும் மௌனமும் சேர்ந்த மேடைத் தமிழில் நிமிடத்துக்கு 80 சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் 4,000 முதல் 4,800 சொற்களில் பிரதி முடிய வேண்டும். ஒரு பக்கத்தை நடித்தபடி சொல்லிப் பார்த்து, உங்கள் வேகத்தை அளந்து, கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறப்பிலிருந்து இறப்பு வரை வரிசையாகச் சொல்லிப் போனால் அது இரங்கற்கூட்டப் பேச்சாகிவிடும். ஒரு சட்டகம் வேண்டும். இந்த வகைக்கு நல்ல பாடம் 'லாக்கவானா ப்ளூஸ்' என்ற அமெரிக்க ஓராள் நாடகம். நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரை ஒட்டிய ஊர் லாக்கவானா, அப்போது எஃகு ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். அங்கே விடுதி வீடு நடத்திய ரேச்சல் கிராஸ்பி என்ற பெண்மணி வளர்த்த பிள்ளை, நடிகர் ரூபன் சான்டியாகோ-ஹட்சன். அவர் "நானி" என்று அழைத்த அந்தப் பெண்மணிக்காகத் தானே எழுதித் தானே நடித்த நாடகம் இது. 2001இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டரில் அரங்கேறியது. இருபது ஆண்டு கழித்து 2021இல் பிராட்வே மேடைக்கும் போனது. இருபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், நடிப்பது அவர் ஒருவர்தான். மேடையோரம் ஒரு கிட்டார்க் கலைஞர் உட்கார்ந்திருப்பார். நடிகரே நடுநடுவே ஹார்மோனிகா வாசிப்பார். முதல் மேடையேற்றத்தில் கிட்டார் வாசித்தவர் பில் சிம்ஸ் ஜூனியர்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டுமானத்தை. சட்டகம் அந்த வீடுதான். வேலை தேடி வந்தவர்கள், அடிபட்டவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் என்று அதன் வாசலுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நடிகரின் உடம்பில் ஏறி இறங்குகிறார்கள். அவர்களை நானி நடத்தும் விதத்தில்தான் நானி நமக்குத் தெரிய வருகிறார். புகழ்ச்சியை மற்றவர்கள் வாயில் கொடுத்துவிட்டால், நீங்கள் சொன்னால் கூசும் விஷயம்கூட இயல்பாகிவிடும்.

நம் வீடுகளுக்குப் பொருந்தும் சட்டகங்கள் பல உண்டு. விடிகாலை வாசல் தெளிப்பதில் தொடங்கி ராத்திரி கதவுக்குத் தாழ் போடுவது வரை ஒரே நாள். ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம். ஆச்சி போன பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டியைப் பிரித்து யாருக்கு எது என்று பங்கு வைப்பது. பெட்டிச் சட்டகம் புதியவர்களுக்கு எளிது. ஒவ்வொரு பொருளும் ஒரு காட்சியைத் திறந்துவிடும். ஆனால் ஏழு பொருளுக்கு மேல் எடுக்காதீர்கள். எட்டாவதை எடுக்கும்போது, பெட்டியில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று பார்வையாளர் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

எழுதும்போது

பண்புப் பெயரை எழுதிய இடமெல்லாம் அடித்துவிட்டு அங்கே ஒரு செயலை வையுங்கள். ஆச்சி சிக்கனக்காரி என்று வைத்துக்கொள்வோம். "சிக்கனமாகக் குடும்பம் நடத்தினாள்" என்று எழுதினால் அது மேடையில் காற்று. பதிலுக்கு இப்படி:

"முந்தியில மூணு முடிச்சு. மொத ரெண்டு சும்மா. மூணாவது கல்லு மாரி இருக்கும். 'ஏன் ஆச்சி இப்படி இறுக்குத?'ன்னா, 'அவுக்குத நேரத்துல இந்தச் செலவு வேணுமா வேண்டாமான்னு ரோசிச்சிரலாம்லா'ம்பாக."

இதைச் சொல்வதோடு நிறுத்தாமல் மேடையில் செய்யவும் வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலாவுக்குக் காசு கேட்கிறார்கள். பையன் எதிரே நிற்கிறான். ஆச்சி மூன்றாவது முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறார். இருபது நொடி ஒரு வசனமும் வேண்டாம். அவை முழுக்க அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் என்ன கெடும் என்றும் சொல்லிவிடுகிறோம். பாலியஸ்டர் சேலையில் முடிச்சு நழுவித் தானே அவிழும். பலமுறை துவைத்த கைத்தறிப் பருத்திச் சேலை வேண்டும். நடுவில் ஒரு நாணயமும் மடித்த நோட்டும் வைத்து முடிந்தால் பல்லுக்குப் பிடி கிடைக்கும். ஈரக் கையால் முடியாதீர்கள், ஈரம் பட்டால் துணி இறுகி மேடையில் இரண்டு நிமிடம் ஆனாலும் வராது. காட்சிக்கு அரை மணி முன்பு உலர்ந்த கையால் முடிந்துகொள்ளுங்கள். மறுமுனையில் லேசான முடிச்சு ஒன்று தயாராக இருக்கட்டும். இது மக்கர் செய்தால் அது கைகொடுக்கும்.

அடுத்தது கடினமான பகுதி. ஆச்சியின் குறையை மறைக்காதீர்கள். பல வீடுகளில் ஆச்சி பேரப்பிள்ளைக்கு உயிரையே கொடுப்பார். அதே ஆச்சி, வேலைக்கு வருகிறவருக்கு என்று தனி டம்ளரைத் திண்ணையோரம் கவிழ்த்து வைத்திருப்பார். உங்கள் வீட்டில் அந்த டம்ளர் இருந்ததென்றால் மேடையிலும் அது இருக்க வேண்டும். பேரனுக்குச் சோறு ஊட்டும் கையும், எட்ட நின்று தண்ணீர் ஊற்றும் கையும் ஒரே கை என்பதை அடுத்தடுத்த இரு செயல்களாகக் காட்டுங்கள். "அந்தக் காலம் அப்படி" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். அந்த டம்ளரில் தண்ணீர் குடித்தவரின் பேத்தியும் உங்கள் அவையில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர் முகத்தைப் பார்த்துச் செய்ய முடிகிற மாதிரி அந்தக் காட்சியை எழுதுங்கள்.

உடம்புக்குள் ஆச்சி

கூன் போட்டு, குரலை நடுக்கி, கையை ஆட்டினால் அது பொதுவான கிழவி வேஷம். ஆச்சியிடமிருந்து மூன்றே மூன்று எடுங்கள்: எடை எந்தக் காலில் நிற்கிறது, சும்மா இருக்கும்போது ஒரு கை என்ன செய்கிறது, பேச்சுக்கு முன் மூச்சு எப்படி வருகிறது. இந்த மூன்றும் நிலைத்தால் முதுகு தானாக வளையும். ஆண்கள் தயங்க வேண்டாம். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து, அந்தப் பாட்டியின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்ட மேடை நம்முடையது. முழுச் சேலை கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. வேட்டி சட்டையோடு தோளில் ஒரு முந்தி விழுந்தால் போதும்.

இரண்டு பேர் பேசும் காட்சிக்கு ஒரு கணக்கு உண்டு. ஆச்சி பேசும்போது உடல் வலப்பக்கம் 45 பாகை, பார்வை மூன்றரை அடி உயரத்தில் நிற்கும் பிள்ளை மேல். பிள்ளை பேசும்போது இடப்பக்கம் 45 பாகை, பார்வை மேலே. எதிர்ச்சுவரில் இரண்டு புள்ளிகளைக் குறித்துவைத்து, பார்வை எப்போதும் அங்கேயே போய் நிற்கப் பழக்குங்கள். புள்ளி மாறினால் பிள்ளை ஒரு நொடியில் வளர்ந்துவிடும், ஆச்சி மிதப்பார். முழுதாகத் திரும்பி நின்று மாற்றி மாற்றிப் பேசாதீர்கள், பார்ப்பவருக்குக் கழுத்து வலிக்கும்.

குரலைப் பிரிக்கச் சுருதியை ஏற்றி இறக்க வேண்டாம், தொண்டை கட்டிவிடும். வேகத்தை மாற்றுங்கள். தோல்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து அத்தனை பாவைக்கும் பேசுவதைக் கேளுங்கள். அதைவிட நல்ல பள்ளி கிடைக்காது. வில்லுப்பாட்டிலும் கதாகாலட்சேபத்திலும் கதை சொல்கிறவர் சட்டென்று பாத்திரமாகி, அடுத்த மூச்சில் கதைசொல்லியாகத் திரும்பும் இடங்களைக் கவனியுங்கள். உங்கள் நாடகத்தின் இலக்கணம் முழுக்க அங்கே இருக்கிறது.

வட்டார வழக்கை விளக்க வேண்டாம். "அந்தக் கொட்டானை எடு" என்று சொல்லிக் கையை நீட்டி எடுத்தால் கொட்டான் என்னவென்று சென்னைக்காரருக்கும் புரிந்துவிடும்.

பொருள், வெளிச்சம், சத்தம்

12க்கு 10 அடி இடம் போதும். பெட்டிச் சட்டகத்தில் பெட்டிக்குள் இருப்பவை போக, பொருள் ஐந்துக்குள். அடுப்பு பற்றவைக்காதீர்கள், பெரும்பாலான அரங்குகள் நெருப்பை அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் பார்வை முழுக்கத் தீயின் மேல் போய்விடும். முறம் அருமையான பொருள், அதுவே வாத்தியம் மாதிரி. மூங்கில் முறமாக இருக்கட்டும். கால் கிலோ புழுங்கலரிசி போட்டுப் புடைத்தால் சிறிய அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். உளுந்து வேண்டாம், உருண்டு ஓடிக் காலில் சறுக்கும். கீழே ஒரு கோரைப்பாய் விரித்துக்கொண்டு, காட்சி முடிந்ததும் பாயோடு சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.

விளக்குகள் ஆறு போதும்: முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னாலிருந்து ஒன்று, ஆச்சி உட்காரும் இடத்துக்கு ஒன்று. நேர் மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் கண்குழி இருண்டு முகம் மறைந்துவிடும். மொத்த விளக்கு மாற்றங்கள் இருபதுக்குள் இருக்கட்டும். காட்சிக்குக் காட்சி இருட்டாக்கினால் ஒவ்வொரு முறையும் அவை இருமும், போனைப் பார்க்கும். திரும்பப் பிடிக்க ஒரு நிமிடம் ஆகும். உடம்பாலேயே காட்சியை மாற்றுங்கள்.

எண்பது பேர் உட்காரும் இடத்தில் மைக் தேவையில்லை. தேவைப்பட்டால் காலர் மைக்கைத் தவிருங்கள். முந்தி உரசும் சத்தம் வசனத்தை மூடிவிடும். கன்னத்தை ஒட்டி நிற்கும் மைக்கை டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மின்சாரம் போகும் என்று வைத்துக்கொண்டே ஒருமுறையாவது விளக்கும் மைக்கும் இல்லாமல் முழு நாடகத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

பாட்டுக்கு ஆச்சி பாடிய தாலாட்டோ நடவுப் பாட்டோ போதும். அதையும் அழகுபடுத்தாமல், அவர் பாடிய சுருதியில், அவர் மறந்து விட்ட வரியை நீங்களும் விட்டுப் பாடுங்கள். சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவை டிக்கெட் நிகழ்ச்சியில் ஒலிக்கவிட உரிமம் வாங்க வேண்டும். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற பாடல் உரிமை அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்குத் தனியாக அதன் உரிமையாளரிடமும் கேட்க வேண்டியிருக்கும். கூட ஒரு கலைஞர் வாசிக்க முடிந்தால் உடுக்கையோ கஞ்சிராவோ ஒன்று போதும். அவர் மேடையிலேயே, அவை பார்க்க உட்காரட்டும். ஆச்சி பேசும்போது யாராவது ஒருவர் மேடையில் கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்கே பெரிய துணை.

ஒத்திகையும் அழுகையும்

எட்டு வாரம், வாரத்துக்கு நாலு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். இயக்குநர் கட்டாயம் வேண்டும். அவர் ஆச்சியைத் தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் நீங்கள் காட்டாததையும் அவரே மனதில் நிரப்பிக்கொண்டு "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்.

ஒத்திகையில் அழுகை வரும். வரட்டும். நிறுத்தி, தண்ணீர் குடித்து, எந்த வரியில் தொண்டை அடைத்தது என்று பிரதியில் கோடு போடுங்கள். மூன்று வாரம் கழிந்தும் அதே வரியில் அடைத்தால், அந்த வரிக்கு முன்னால் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பாயைச் சுருட்டுவது, வெற்றிலைக் காம்பு கிள்ளுவது, சொம்பைத் துடைப்பது. கை வேலையில் இருந்தால் தொண்டை திறக்கும். மேடையில் நீங்கள் அழுதுவிட்டால் அவைக்கு அழ இடம் இருக்காது, வசனமும் போய்விடும். முடிவில் ஒப்பாரி வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். கடைசிக் காட்சியாகவும் வேண்டாம். மாலை போட்ட படத்தைத் திரையில் காட்டி முடிப்பதும் அப்படித்தான். ஒரு மணி நேரம் உயிரோடு நடமாடவிட்ட ஆச்சியை ஒரு படத்துக்குள் ஏன் அடைக்க வேண்டும்? ராத்திரி கதவுக்குத் தாழ் போட்ட பிறகு, மறந்துபோனது நினைவுக்கு வந்து, ஆச்சி திரும்பக் கதவைத் திறக்கிறார் என்ற இடத்தில் விளக்கை அணையுங்கள்.

ஆச்சி இறந்து தலைத்திவசம் ஆகவில்லை என்றால் எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேடை அடுத்த வருஷமும் இருக்கும்.

முதல் காட்சிகள்

முதல் காட்சியை மொட்டை மாடியிலோ நூலக அறையிலோ முப்பது பேருக்குப் போடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் மியூசியம் தியேட்டர் மேல் ஆசை வரும். 1896இல் கட்டி முடித்த அழகான அரங்கம்தான், ஆனால் ஒரு முடிச்சை அவிழ்ப்பது தெரிய வேண்டிய நாடகத்துக்கு அது பெரிது. பத்துக் காட்சி ஓடிய பிறகு யோசிக்கலாம்.

குடும்பத்துக்கென்று தனிக் காட்சி ஒன்றை முன்னாலேயே வைத்துவிடுங்கள். பொதுக்காட்சிக்கு அவர்கள் வந்தால் நாலாவது வரிசைக்குப் பின்னால், ஓரமாக உட்காரவையுங்கள். முதல் வரிசையில் சித்தி விம்மினால் நீங்களும் நிற்க மாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவரும் மேடையைப் பார்க்க மாட்டார். செலவில் அரங்க வாடகையும் விளக்கு வாடகையும்தான் பெரிது. மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே வரும். வாத்தியக்காரருக்கும் விளக்குப் போடுகிறவருக்கும் சம்பளத்தை முன்கூட்டியே பேசி, நாடகம் முடிந்த ராத்திரியே கொடுத்துவிடுங்கள்.

முடிந்ததும் பதினைந்து நிமிடம் உள்ளே தனியாக இருங்கள். வெளியே வந்தால் பலர் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் ஆச்சியைப் பற்றிச் சொல்வார்கள். வயதானவர் யாராவது "புடைக்கிறப்போ கட்டை விரல் உள்ளே இருக்காதுப்பா, வெளியே இருக்கும்" என்று திருத்துவார். அன்றைக்கே எழுதிவைத்து, அடுத்த காட்சிக்கு முன் முறத்தை எடுத்துப் பழகுங்கள். முதலில் பார்த்துப் பேசிய அத்தனை பேரின் ஒலிப்பதிவுகளுக்கும் பெயர், ஊர், தேதி போட்டு இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகல் அவரவர் வீட்டுக்கும் போகட்டும்.